மரம் எங்கே போனது, டீச்சர்?

அரூப ஓவியம் (மரம், மனிதன் என்று எந்த உருவமும் இல்லாமல் நிறமும் கோடுமாக வரைகிற அப்ஸ்ட்ராக்ட் படம்) பற்றிக் கேள்வி அனுப்பச் சொல்லி போன இதழில் இரண்டு வரி போட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பாதி கேள்வி, பாதி திட்டு. இரண்டிலிருந்தும் எடுத்திருக்கிறேன். நான் விமர்சகர் இல்லை. அரசுப் பள்ளியில் டிராயிங் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். கரும்பலகையில் குரோட்டன்ஸ் தொட்டி வரைந்து காட்டியே காலம் போனவள். அந்த அளவில் இந்தப் பதில்களை எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அரூப ஓவியத்தின் தந்தை காண்டின்ஸ்கி என்று எங்கள் பாடத்தில் இருக்கிறது. யூடியூபில் பார்த்தால் ஹில்மா ஆஃப் கிளிண்ட் என்ற ஸ்வீடன் பெண்மணிதான் முதல் என்கிறார்கள். எது சரி?
– கல்லூரி மாணவர், திருச்சி

பரீட்சையில் காண்டின்ஸ்கி என்றே எழுதிவிடுங்கள் தம்பி, மார்க்கோடு விளையாட வேண்டாம். ஆனால் அந்தப் பட்டத்துக்கு மனுப் போட்டவரும் அவரேதான் என்பது தெரிந்திருக்கட்டும். 1935இல் ஓவிய வியாபாரி ஒருவருக்கு எழுதிய கடிதத்தில், தான் 1911இல் வரைந்த ஒரு படம்தான் உலகத்தின் முதல் அரூப ஓவியம், அப்போது வேறு ஒருத்தர்கூட அப்படி வரையவில்லை என்று சொல்கிறார். பாரிஸ் பொம்பிடு மையத்தில் அவருடைய நீர்வண்ணப் படம் ஒன்று இருக்கிறது. அதில் 1910 என்று போட்டிருக்கும். அது 1913 வாக்கில் வரைந்ததாகத்தான் இருக்கும் என்று ஆராய்ச்சியாளர்கள் பலர் சொல்கிறார்கள். ரஷ்யாவில் மாலேவிச் என்ற ஓவியரும் லேசுப்பட்டவர் இல்லை. 1915இல் வரைந்த ‘கறுப்புச் சதுரம்’ என்ற படத்துக்கு 1913 என்று தேதி கொடுத்தார். அந்த வருஷம் ஒரு ஓபராவுக்கு மேடை அமைத்தபோதே எண்ணம் வந்துவிட்டதாம். பத்திரத்துக்கு முன்தேதி போடுகிற கதைதான். பாரிஸில் இருந்த செக் நாட்டுக்காரர் குப்கா இந்த வம்பு எதற்கும் போகவில்லை. 1912இலேயே உருவமே இல்லாத பெரிய படத்தை ஊரறியக் கண்காட்சியில் மாட்டிவிட்டார். ஆனால் அவர் பெயர் உங்கள் பாடத்தில் இருக்காது.

சரி, ஹில்மாவுக்கு வருவோம். 1862இல் பிறந்தவர். ஸ்டாக்ஹோம் ராயல் அகாடமியில் முறையாகப் படித்தவர். இயற்கைக் காட்சி, உருவப்படம், தாவரப்படம் எல்லாம் வரைந்து சம்பாதித்தார். இன்னும் நான்கு பெண்களோடு சேர்ந்து ஆவிகளிடம் பேசும் கூட்டமும் நடத்தினார். கோயில் ஒன்றுக்குப் படம் வரையும்படி அந்தக் கூட்டத்தில் கட்டளை வந்தது என்று நம்பி, 1906 முதல் 1915 வரை 193 படங்கள் வரைந்தார். 1907இல் வரைந்த பத்துப் பெரும் படங்கள் ஒவ்வொன்றும் மூன்று மீட்டருக்கு மேல் உயரம். குழந்தைப் பருவத்திலிருந்து முதுமை வரை மனித வாழ்வுதான் விஷயம். ஆனால் பார்த்தால் சுருள், இதழ், முட்டை வடிவம், பொருள் பிடிபடாத எழுத்து, அவ்வளவுதான். தான் இறந்து 20 வருஷம் கழியும்வரை வெளியே காட்டக்கூடாது என்று சொல்லிவிட்டார். வெளியுலகம் முதலில் பார்த்தது 1986இல், லாஸ் ஏஞ்சல்ஸ் கண்காட்சியில். 2018இல் நியூயார்க் குகென்ஹைமில் வைத்தபோது ஆறு லட்சம் பேர் வந்தார்கள். அந்த அருங்காட்சியகத்தின் வரலாற்றிலேயே அதுதான் அதிகம்.

தேதிப்படி பார்த்தால் ஹில்மா முந்தி. ஆனால் காண்டின்ஸ்கியைப் பார்த்துத்தான் மற்றவர்கள் கற்றார்கள். ஹில்மாவின் படங்களைப் பல காலம் பார்த்தவர்களே மிகச் சிலர். முதல் யார் என்று தோண்டினால் இன்னும் பின்னாலும் போகலாம். லண்டனில் ஜார்ஜியானா ஹௌட்டன் என்ற பெண்மணி, ஆவிகள் கையைப் பிடித்து வரைந்த சுருள்சுருளான படங்கள் என்று 1871லேயே கண்காட்சி வைத்துக் கைக்காசை இழந்திருக்கிறார். எனக்கு இந்த ஓட்டப்பந்தயத்தில் அக்கறை கிடையாது. ஸ்டாக்ஹோம், மியூனிக், மாஸ்கோ, ஹாலந்து என்று வேறு வேறு ஊரில் இருந்தவர்கள், சிலர் ஒருவரையொருவர் கேள்விப்படாமலே, பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்குள் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தார்களே, அது எப்படி? அதைக் கேளுங்கள். (ஹில்மா, காண்டின்ஸ்கி, ஹாலந்து ஓவியர் மோந்திரியான் மூவரும் இறந்தது 1944இல். இதற்கு ஒரு அர்த்தமும் இல்லை. தேதி நினைவில் நிற்கும், அவ்வளவுதான்.)

கேள்வி: இதையெல்லாம் என் பேரனே வரைவான்!
– பெயர் வேண்டாம், சேலம்

இது கேள்வி இல்லை. ஆனாலும் வந்த கடிதங்களில் இதைச் சொல்லாதவர் குறைவு. உங்கள் பேரன் தாராளமாக வரைவான். ஆறு வயதுப் பிள்ளைகள் அற்புதமாக நிறம் போடுவார்கள். ஆனால் எங்கே நிறுத்துவது என்று தெரியாது. நல்ல நீலம், நல்ல ஆரஞ்சு, பார்க்கவே சந்தோஷமாக இருக்கும். பக்கத்து வரிசைக்குப் போய்த் திரும்புவதற்குள் பிரஷ்ஷை இன்னும் நாலு சுற்றுச் சுற்றியிருப்பார்கள், எல்லாம் சாணிக் கலராகிவிடும். பல வருஷம் பார்த்த காட்சி. 2011இல் அமெரிக்காவில் ஏஞ்சலினா ஹாலி-டோலன், எலன் வின்னர் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் ஒரு சோதனை வைத்தார்கள். அரூப ஓவியர்களின் படங்களையும், கிட்டத்தட்ட அவை போலவே தெரியும்படி குழந்தைகள், குரங்குகள், யானைகள் வரைந்ததையும் ஜோடி ஜோடியாக மாணவர்களிடம் காட்டி, எது நல்ல படம் என்று கேட்டார்கள். பெயரை மாற்றி ஒட்டி ஏமாற்றியபோதுகூட, ஓவியர் வரைந்ததைத்தான் அதிகம் பேர் தேர்ந்தெடுத்தார்கள். ஓவியமே படிக்காத மாணவர்களும் அப்படித்தான். எல்லாத் தடவையும் சரியாகச் சொல்லவில்லை, ஆனால் குருட்டாம்போக்கும் இல்லை. பேரனுக்கு நல்ல காகிதமாக வாங்கிக் கொடுங்கள். முக்கியமாக, சரியான நேரத்தில் பிடுங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: தினமும் காலையில் பிரம்மஞான சபை (தியாசபிகல் சொசைட்டி) மதில் ஓரமாகத்தான் நடைப்பயிற்சி. அந்தச் சபைக்கும் மாடர்ன் ஆர்ட்டுக்கும் தொடர்பு உண்டு என்று நண்பர் ஒருவர் சொன்னார். கதையா?
– வங்கி ஊழியர், பெசன்ட் நகர், சென்னை

கதையில்லை. உங்கள் பேட்டைக்குப் பெயர் கொடுத்த அம்மையாரே இதில் இருக்கிறார்.

1875இல் நியூயார்க்கில் பிளாவட்ஸ்கி அம்மையாரும் கர்னல் ஆல்காட்டும் மற்றவர்களும் தொடங்கிய சபை, 1882இல் அடையாற்றுக்குத் தலைமையகத்தைக் கொண்டுவந்தது. அன்னி பெசன்ட் 1907இல் அதன் தலைவரானார். அதற்கு இரண்டு வருஷம் முன்னால் சபைக்காரர் லெட்பீட்டரோடு சேர்ந்து ‘எண்ண வடிவங்கள்’ என்று லண்டனில் ஒரு புத்தகம் போட்டார். கோபம், பக்தி, பயம், பேராசை என மனத்தில் எழுகிற எதற்கும் நிறமும் உருவமும் உண்டு, பயிற்சி உள்ளவர் கண்ணுக்கு அது தெரியும் என்பது புத்தகத்தின் வாதம். இவர்கள் கண்டதாகச் சொன்னதை நண்பர்கள் வண்ணத்தில் வரைந்து கொடுத்தார்கள். கோபத்துக்குச் சிவப்பு, பக்திக்கு நீலம், அறிவுக்கு மஞ்சள். கப்பல் மூழ்கும் நேரத்தில் மூன்று பேர் மனத்திலிருந்து கிளம்பியவை ஒரு படம். தேவாலயத்தில் ஆர்கனில் மெண்டல்சன், கூனோ, வாக்னர் இசையை வாசிக்கும்போது கூரைக்கு மேலே எழும் வடிவங்கள் மூன்று படம். வாக்னருடையது ஒரு மலைத்தொடர் அளவுக்கு நிற்கும்.

இதன் ஜெர்மன் மொழிபெயர்ப்பு காண்டின்ஸ்கியிடம் இருந்தது. 1911 டிசம்பரில் அவர் வெளியிட்ட ‘கலையில் ஆன்மிகம் குறித்து’ என்ற சிறு புத்தகத்தில் பிளாவட்ஸ்கியும் சபையும் வருகிறார்கள். மஞ்சள் பார்ப்பவரை நோக்கி முன்னேறும், ட்ரம்பெட் மாதிரி. நீலம் விலகி உள்ளே போகும். வெளிர்நீலம் புல்லாங்குழல், அடர்நீலம் செல்லோ. இப்படியே ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு குணமும் ஒரு வாத்தியமும் சொல்லிக்கொண்டு போவார். மோந்திரியான் 1909இல் ஹாலந்தில் சபையில் உறுப்பினராகவே சேர்ந்தார். ஹில்மாவும் இந்தப் பக்கம்தான்.

ஆனால் எல்லாம் அடையாற்றில் உற்பத்தியாகி ஏற்றுமதியானது என்று நண்பரிடம் அளந்துவிடாதீர்கள். காண்டின்ஸ்கி சட்டம் படித்தவர். முப்பதாவது வயதில், 1896இல், மாஸ்கோவில் பிரெஞ்சு ஓவியர் மோனேயின் வைக்கோல் போர் படத்தைப் பார்த்தார். வைக்கோல் போர் என்று கேட்லாக்கைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாராம். பொருள் தெரியாமலே படம் தன்னைப் பிடித்துக்கொண்டதே என்று திகைத்திருக்கிறார். தேடி வந்த பேராசிரியர் வேலையை உதறிவிட்டு மியூனிக்குக்கு ஓவியம் படிக்கப் போனது அதற்குப் பிறகு. 1911 ஜனவரியில் அங்கே இசையமைப்பாளர் ஷோன்பெர்க்கின் கச்சேரி கேட்டுவிட்டு வந்து ஒரு படம் வரைந்தார். பியானோ ஒரு கறுப்புத் திட்டாக மேலே நிற்க, படம் முழுக்க மஞ்சள் பாய்ந்து வரும். பவேரியக் கிராமத்துக் கண்ணாடி ஓவியம், ரஷ்ய சாமி படம், இசை, ஆன்மிகம் எல்லாம் சேர்ந்த குழம்பு அது.

எனக்குச் சூட்சும உடல் விவகாரத்தில் நம்பிக்கை கிடையாது. லெட்பீட்டர் கண்ணுக்கு என்ன தெரிந்ததோ அவருக்கே வெளிச்சம். ‘எண்ண வடிவங்கள்’ படங்களும் ஓவியமாகப் பார்த்தால் சுமார்தான், மருத்துவப் புத்தகத்து விளக்கப்படம் மாதிரி விறைப்பாக இருக்கும். ஆனால் கண்ணுக்குத் தெரியாத ஒன்றை வரையலாம், அதற்கும் கணக்கு உண்டு என்று ஒரு துணிச்சலை அந்தப் புத்தகம் கொடுத்தது. ஸ்டுடியோவில் தனியாக உட்கார்ந்து, மரத்தையும் வீட்டையும் துறக்கலாமா என்று தயங்கிக்கொண்டிருந்தவனுக்கு அது பெரிய விஷயம். அந்த நம்பிக்கை இன்றைக்கு எத்தனை பேருக்கு இருக்கிறது? படத்தைப் பார்க்க மட்டும் ஆறு லட்சம் பேர் வரிசையில் நிற்கிறார்கள்.

கேள்வி: கேமரா வந்ததால் ஓவியருக்கு வேலை போய்விட்டது, அதனால்தான் புரியாத படம் போட ஆரம்பித்தார்கள். சரிதானே?
– ஸ்டுடியோ உரிமையாளர், கரூர்

உங்கள் தொழில் பெருமைக்குக் குறுக்கே நிற்கவில்லை. சின்ன உருவப்படம் போட்டுப் பிழைத்தவர்களின் வயிற்றில் கேமரா அடித்தது நிஜம். ஆனால் கணக்கு உதைக்கிறது. தாகேரின் புகைப்பட முறை வெளிவந்தது 1839இல். காண்டின்ஸ்கியும் மற்றவர்களும் வந்தது எழுபது வருஷம் கழித்து. அவ்வளவு நாள் வேலையில்லாமலா சும்மா இருந்தார்கள்?

இன்னொரு காரணமும் பாருங்கள். 1895இல் எக்ஸ்ரே வந்தது. கைக்குள் எலும்பு தெரிந்தது. அப்புறம் அணுவையும் உடைத்துப் பார்க்க முடியும் என்றார்கள். அணு உடைந்த செய்தி தனக்கு உலகமே இடிந்து விழுந்தது போல் இருந்தது என்று காண்டின்ஸ்கி எழுதியிருக்கிறார். கல்லும் சுவரும் கெட்டிப் பொருள் என்று நம்பி வரைந்துகொண்டிருந்தவருக்கு, அது கெட்டியே இல்லை என்று விஞ்ஞானமே சொன்னால் எப்படி இருக்கும்? கண்ணுக்குத் தெரிவதைக் கேமரா எடுத்துக்கொண்டது என்பதைவிட, கண்ணுக்குத் தெரிவதன் மேலேயே அந்தத் தலைமுறைக்குச் சந்தேகம் வந்துவிட்டது என்பதுதான் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

கேள்வி: மோந்திரியான் மரத்தை வரைந்து வரைந்துதான் கட்டங்களுக்குப் போனார் என்று முன்பு ஒரு தடவை எழுதியிருந்தீர்கள். என் மகளும் நானும் நெட்டில் தேடிப் பார்த்தோம். கறுப்புக் கோடு, சிவப்பு, நீலம், மஞ்சள். மரம் எங்கே போனது, டீச்சர்?
– இல்லத்தரசி, தேனி

எனக்குப் பிடித்த கேள்வி. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

என் மகள் கொஞ்ச காலம் ஹாலந்தில் வேலை பார்த்தாள். அப்போது ஹேக் நகரத்துக் கலை அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போனாள். மஞ்சள் செங்கல் கட்டடம். மோந்திரியான் படங்கள் உலகத்திலேயே அதிகம் இருப்பது அங்கேதான், 300 அளவில். அவர் வரைந்த மரங்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பார்க்கக் கிடைத்தது.

முதல் மரம் 1908இல் தொடங்கி 1910இல் முடித்தது. நீல அந்தியில் சிவப்பு மரம். இலை இல்லை. கிளைகள் நெருப்புப் பிடித்ததுபோல் வளைந்து தரையைத் தொடும். யார் பார்த்தாலும் மரம்தான். அடுத்தது 1911. நிறமெல்லாம் போய்ச் சாம்பலும் கறுப்பும் மட்டும். இந்தப் படத்தின் முன்னால்தான் நான் நின்றுவிட்டேன். ஹையர் கிரேடு டிராயிங் பரீட்சைக்குப் போகிற பிள்ளைகளுக்கு மரம் வரையச் சொல்லிக்கொடுக்கும்போது, கிளையைப் பார்க்காதே, கிளைக்கும் கிளைக்கும் நடுவில் தெரிகிற வானத்தின் வடிவத்தைப் பார் என்பேன். அது சரியாக வந்தால் கிளை தானாகச் சரியாக வரும். மோந்திரியான் அதையே விடாப்பிடியாகச் செய்திருக்கிறார். நடுவில் இருக்கும் வெளிக்கும் கிளைக்குக் கொடுத்த அதே கனத்தில் பெயிண்ட். எது முன்னால், எது பின்னால் என்று சொல்ல முடியாது. மூன்றாவது, 1912இல் வரைந்த பூத்த ஆப்பிள் மரம். கிட்டத்தட்ட அதே அளவுத் துணி. அதில் பூவும் இல்லை, மரமும் இல்லை. வளைகோடுகளும் அவற்றுக்கு நடுவே பச்சை, சாம்பல், காவி இடைவெளிகளும்தான். பெயர்ப் பலகை இல்லாவிட்டால் நாம் மரம் என்று சொல்லவே மாட்டோம்.

ஆக, மரம் எங்கேயும் போகவில்லை. கிளைகளுக்கு நடுவே இருந்த வெளி மெல்ல மெல்ல முன்னால் வந்துவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் பாரிஸ் போனார். தன் பெயரில் இருந்த இரண்டு ‘ஏ’யில் ஒன்றை வெட்டிவிட்டார். பிகாசோவும் பிராக்கும் கியூபிசத்தில் பொருளைத் துண்டு துண்டாக உடைத்துக்கொண்டிருந்த நேரம். ஆனால் அவர்கள் இருவரும் கடைசி வாசலில் நின்றுவிட்டார்கள். ஒரு கித்தாரின் கழுத்தையாவது, ஒரு கண்ணாடிக் குவளையின் விளிம்பையாவது விட்டுவைப்பார்கள். மோந்திரியான் உள்ளே போய்விட்டார். 1914இல் ஊருக்கு வந்தவர், போர் மூண்டதால் 1919 வரை ஹாலந்திலேயே மாட்டிக்கொண்டார். டோம்பர்க் கடற்கரையில் கடலுக்குள் நீளும் மரத் தூண்வரிசையையும் அலையையும் பார்த்து அவர் வரைந்தவை வெறும் கூட்டல் குறியும் கழித்தல் குறியும். மின்னும் தண்ணீரைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடினால் என்ன மிஞ்சுமோ அது. வளைகோடு அங்கே செத்தது. 1920களில் நீங்கள் நெட்டில் பார்த்த கட்டங்கள் வந்துவிட்டன.

மனிதர் எவ்வளவு கண்டிப்பு தெரியுமா? அவரோடு பத்திரிகை நடத்திய வான் டூஸ்பர்க் சாய்கோடு போட ஆரம்பித்ததும் உறவே முறிந்தது. பாரிஸ் அறையில் ஒரே ஒரு செயற்கை டுலிப் பூ வைத்திருந்தார், இலையின் பச்சை பிடிக்காமல் அதற்கு வெள்ளை அடித்திருந்ததாகச் சொல்வார்கள். அதே ஆள், கட்டங்கள் விற்காத காலத்தில், அரிசி பருப்புக்காக அழகழகான பூக்களை நீர்வண்ணத்தில் வரைந்து விற்றுக்கொண்டிருந்தார்! வரையத் தெரியாமல் கட்டம் போட்டார் என்று நினைப்பவர்கள் அந்தப் பூக்களை ஒரு தடவை பார்க்க வேண்டும்.

நெட்டில் தெரியாத ஒன்றும் சொல்கிறேன். நேரில் பார்த்தால் அந்த வெள்ளை ஒரே வெள்ளை இல்லை. ஒரு கட்டம் லேசாக நீலம் தட்டும், இன்னொன்று சாம்பல். பிரஷ் ஒரு கட்டத்தில் மேலிருந்து கீழாகவும் பக்கத்தில் குறுக்காகவும் போயிருக்கும். சில கறுப்புக் கோடுகள் ஓரம் வரை போகாமல் விரல்கடை தூரத்தில் நின்றுவிடும். ஸ்கேல் வைத்து இழுத்த கோடு இல்லை. அழித்து, நகர்த்தி, மறுபடி போட்டு, இவ்வளவு போதும் என்று ஒரு ஆள் நிறுத்திய கோடு. சேலை டிசைனிலும் ஷாம்பூ பாட்டிலிலும் வருகிற மோந்திரியானுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

கடைசிப் படமும் அங்கேதான். 1944இல் நியூயார்க்கில் இறந்தபோது முடிக்காமல் விட்டது, கலர் டேப் துண்டுகள் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. 1998இல் அதை 80 மில்லியன் கில்டருக்கு (அப்போதைய டச்சு நாணயம்) வாங்கியபோது டச்சுக்காரர்களே கொதித்துப் போனார்களாம். அவருடைய ஊரிலேயே அப்படி என்றால் தேனியில் கேள்வி வருவதில் ஆச்சரியம் இல்லை.

கேள்வி: வெள்ளைத் துணியில் கறுப்புச் சதுரம். எங்கள் பள்ளியில் கரும்பலகைக்கு வருஷா வருஷம் பெயிண்ட் அடித்த பெரியவர் இதைவிட நேராக அடிப்பார். இதற்கு அருங்காட்சியகமா?
– ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர், விருதுநகர்

ஐயா, அவர் நேராக அடிப்பார் என்பதில் சந்தேகமே இல்லை, ஏனென்றால் மாலேவிச்சின் சதுரம் சதுரமே இல்லை. எந்தப் பக்கமும் சட்டத்துக்கு இணையாக இல்லை. 79.5 சென்டிமீட்டர் துணியில் கையால் போட்டது. கறுப்பெல்லாம் வெடித்து, வெடிப்பு வழியாக அடியில் இருக்கும் நிறங்கள் எட்டிப் பார்க்கின்றன. 2015இல் மாஸ்கோவில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது, கீழே இரண்டு வண்ணப் படங்கள் இருப்பது தெரிந்தது. வரைந்த இரண்டு படங்களை மூடிவிட்டு வந்த கறுப்பு அது.

1915 டிசம்பரில் பெட்ரோகிராடில் (இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்) ‘0.10’ என்ற கண்காட்சி. மாலேவிச் 39 படங்கள் வைத்தார். இதை மட்டும் இரண்டு சுவர் சேரும் மூலையில், கூரைக்குக் கீழே குறுக்காக மாட்டினார். ரஷ்ய வீடுகளில் அந்த மூலை சாமி படத்துக்கு உரியது. வந்தவர்களுக்கு விஷயம் உடனே உறைத்தது. பெனுவா என்ற பெரிய விமர்சகர் எரிந்து விழுந்தார். அவர் கோபம் எனக்குப் புரிகிறது. புரியாத படத்தைப் பார்த்து வந்த கோபம் இல்லை, நன்றாகவே புரிந்ததால் வந்த கோபம்.

மாலேவிச் எழுதிய அறிக்கைகளை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். ஒரே முழக்கம், தலை வலிக்கும். ஆனால் அந்த மூலையில் அதை மாட்டலாம் என்று தோன்றியதே, அது ஓவியனின் மூளை. பிறகு வீடெப்ஸ்க் நகரத்தில் பாடம் நடத்தியபோது மாணவர்கள் சட்டைக் கையில் கறுப்புச் சதுரம் தைத்துக்கொண்டு திரிந்தார்கள். அப்புறம் ஸ்டாலின் காலம். 1930இல் பிடித்து விசாரித்தார்கள். அவர் திரும்ப மனித உருவங்களை வரைய ஆரம்பித்தார். 1933இல் வரைந்த சுயசித்திரத்தில் பழைய இத்தாலிய ஓவியர் மாதிரி உடுப்போடு நிற்பார், உருவப்படம் என்றால் அச்சு அசல் உருவப்படம். கீழே ஓரத்தில் கையெழுத்துக்குப் பதில் குட்டியாக ஒரு கறுப்புச் சதுரம் இருக்கும். 1935இல் இறந்தபோது அவர் கட்டிலுக்கு மேலே அந்தச் சதுரம்தான் மாட்டியிருந்தது, உடலை ஏற்றிய வண்டியின் முன்னாலும் அதுதான். அதற்கு இரண்டு வருஷம் கழித்து ஹிட்லர் ஆட்கள் மியூனிக்கில் ‘சீரழிந்த கலை’ என்று காண்டின்ஸ்கி உட்படப் பலருடைய படங்களைக் கேலிக்காகவே மாட்டி வைத்தார்கள். கறுப்புச் சதுரமோ மாஸ்கோ அருங்காட்சியகக் கிடங்கில் பல பத்தாண்டுகள் கிடந்தது. பெயிண்ட் அடிக்கிற பெரியவரின் பலகையை யாரும் அப்படி ஒளித்துவைத்ததாகத் தெரியவில்லை.

கேள்வி: எது கலை, எது இல்லை என்று யார் முடிவு செய்வது?
– வழக்கறிஞர், மதுரை

உங்களுக்குத் தோதான பதில் ஒன்று இருக்கிறது: கஸ்டம்ஸ். 1926இல் சிற்பி பிரான்குசியின் ‘வெளியில் பறவை’ என்ற வெண்கலச் சிற்பம் கப்பலில் நியூயார்க் வந்து இறங்கியது. இறகில்லை, அலகில்லை, பளபளவென்று மேலே நீளும் ஒரு வடிவம். கலைப்பொருளுக்கு வரி கிடையாது. அதிகாரிகள் பார்த்துவிட்டு, சமையல் பாத்திரம், ஆஸ்பத்திரிச் சாமான் வகையறாவில் சேர்த்து 40 சதவீதம் வரி போட்டார்கள். வழக்கு நீதிமன்றம் போனது. இதைக் காட்டில் பார்த்தால் பறவை என்று சுடுவீர்களா என்று சிற்பத்தை வாங்கிய புகைப்படக்காரர் ஸ்டைக்கனிடம் கேட்டார்கள், சுடமாட்டேன் என்றார். 1928 நவம்பரில் தீர்ப்பு பிரான்குசிக்குச் சாதகம். இயற்கையைப் பார்த்து அப்படியே செய்யாமல் கருத்தை வடிக்க முயலும் புதிய கலை ஒன்று உருவாகியிருக்கிறது, பிடிக்கிறதோ இல்லையோ, அப்படி ஒன்று இருப்பதைக் கணக்கில் எடுக்க வேண்டும் என்றது நீதிமன்றம். அழகாக இருக்கிறதா என்பதையும் பார்த்தார்கள், இருக்கிறது என்றார்கள். அரூபக் கலை பற்றி நான் படித்தவற்றில் குழப்பமே இல்லாத வாசகம் இந்தத் தீர்ப்புதான்.

கேள்வி: நம் வாசல் கோலத்தில் இல்லாத அரூபமா? நாம்தான் முன்னோடி என்று சொல்லலாமா?
– கோலப் போட்டி நடுவர், ஸ்ரீரங்கம்

சொல்ல ஆசைதான். ஆனால் வேண்டாம். கோலம் தன் வழியில் பெரிய விஷயம். சிக்குக் கோலத்தின் இலக்கணத்தை வைத்து 1970களில் சென்னை கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும் மற்றவர்களும் கணினியியல் கட்டுரையே எழுதியிருக்கிறார்கள். ஆனால் கோலம் எதையும் துறக்கவில்லை. ஐரோப்பியர்கள் ஐநூறு வருஷம் மனிதனையும் மரத்தையும் தத்ரூபமாக வரைந்து பழகி, பிறகு அதை விட்டார்கள். அந்த விடுதலுக்குப் பயமும் இருந்தது. பொருளை எடுத்துவிட்டால் படம் கழுத்துப்பட்டை, கம்பள டிசைன் மாதிரி ஆகிவிடுமே என்று காண்டின்ஸ்கியே கவலைப்பட்டு எழுதினார். நம் பக்கத்தில் அந்தக் கயிற்றின் மேல் நடந்தவர் என்றால் கே.சி.எஸ். பணிக்கர். 1960களில் அவர் வரைந்த ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசையில் ஜாதகக் கட்டம், கணக்குக் குறி, படிக்க முடியாத எழுத்து எல்லாம் வரும், ஆனால் ஜோசியம் வராது. ஈ.சி.ஆரில் அவர் தொடங்கிய சோழமண்டலம் கலைக் கிராமத்தில் சென்னை ஓவியர்களின் படங்களைப் பார்க்கலாம். கோலத்தை ஏன் ஐரோப்பாக்காரன் பக்கத்தில் நிறுத்தி உயரம் அளக்க வேண்டும்?

கேள்வி: புது வீட்டு ஹாலுக்கு ஆன்லைனில் ஒரு அப்ஸ்ட்ராக்ட் படம் வாங்கினோம். கணவர் மாட்டிவிட்டார். தலைகீழாக இருக்கிறது என்று நான் சொல்கிறேன், இல்லை என்று அவர் சாதிக்கிறார். எப்படிக் கண்டுபிடிப்பது?
– ஐ.டி. ஊழியர், கோயம்புத்தூர்

பின்பக்கம் கொக்கி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். இரண்டு பக்கமும் இருந்தால் உங்கள் பாடு. 1961இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் மத்தீஸின் படகுப் படம் 47 நாள் தலைகீழாகத் தொங்கியது. படகுக்கும் தண்ணீரில் விழுந்த அதன் நிழலுக்கும் வித்தியாசம் கண்டவர் ஒரு பார்வையாளர்தான். அதுவாவது படகு. மோந்திரியான் 1941இல் கலர் டேப் ஒட்டிச் செய்த ‘நியூயார்க் சிட்டி 1’ 1980 முதல் ஜெர்மனியில் டூசல்டோர்ஃப் அருங்காட்சியகத்தில் தொங்குகிறது. அது தலைகீழாக இருக்கிறது என்று 2022இல் அங்குள்ள பொறுப்பாளரே கண்டுபிடித்தார். மோந்திரியான் ஸ்டுடியோவில் அந்தக் காலத்தில் எடுத்த போட்டோ ஒன்றில் கோடுகள் நெருக்கமாக வரும் பக்கம் மேலே இருந்தது. சரி, திருப்பிவிட்டார்களா என்றால் இல்லை. டேப்பெல்லாம் இற்றுப்போய்த் தொங்குகிறது, இப்போது திருப்பினால் உதிர்ந்துவிடும் என்று அப்படியே விட்டுவிட்டார்கள்.

உங்கள் வீட்டுப் படத்தில் டேப் இல்லையென்றால் ஒரு மாதம் அவர் சொன்னபடி, ஒரு மாதம் நீங்கள் சொன்னபடி தொங்கட்டும். ஆணி மட்டும் ஒன்றே போதும், புதுச் சுவர்.